எதற்குத் தலையாட்டினேன்

...கைக்கு எட்டுவதைச் சொல்லுங்கள் என்றுதானே ஃபுனகோஷி டீச்சர் கேட்டார், புது வருஷத்தில் ஜப்பானிய மொழியில் என்ன சாதிக்கப் போகிறீர்கள், பெரிதாக வேண்டாம், முடிகிற மாதிரி ஒன்று, நான் எழுந்து பரீட்சை பாஸ் பண்ணுவேன் என்றேன், பக்கத்தில் நெனித்தா சிரித்துவிட்டாள், அவளும் என்னைப் போலப் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள்தான், கணவாய் மீன் தொழிற்சாலையில் எனக்கு எதிர் மேசை, "ஏன்டி பெர்லித்தா, புருஷன் இருந்தப்ப ஒரு வார்த்த படிக்கல, இப்ப படிச்சு யாருகிட்ட பேசப் போற?" என்று எங்கள் பாஷையில், டீச்சருக்குப் புரியாமல்... யாரிடம் பேசப் போகிறேன்? இதோ புது வருஷம் விடிந்துவிட்டது, அடுப்படியில் நின்று மோச்சி என்கிற அரிசி அடை சுடுகிறேன், காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் செத்தவர்களுக்கான மாடத்தின் முன் மணியைத் தட்டிவிட்டுப் பேசுகிறார், பிப்ரவரியில் செத்துப்போன தன் மகனோடு, என் தொகுஜியோடு. தினமும் நடப்பதுதான். முதல் சோறு அவருக்கு, ஊதுவத்தி, மணி, பிறகு பேச்சு, வகுப்பில் சொல்லித்தராத இந்த ஊர்க் கொச்சையில், வேகமாக, நடுநடுவே என் பெயர் வரும், பெர்லி, பெர்லி, வந்ததும் என் கை நின்றுவிடும். திட்டுகிறாரா, இரங்குகிறாரா? சொந்த ஊர் எழுத்தையே கல்யாணத்துக்குப் பிறகு எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான், எனக்கு எப்படித் தெரியும்.

தொகுஜிக்கு என் பாஷை தெரியும், எங்கள் ஊர்க்காரர்களோடு கப்பலில் வேலை பார்த்துக் கற்றது, வீட்டில் அவர்தான் எனக்கு வாய், அவர்தான் காது, பிறகு எதற்கு நான் படிக்க வேண்டும் என்றிருந்தேன். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தபோது அந்த பாஷை மட்டும் அவரைவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண் திறந்தவர் பிறந்த ஊர்ப் பேச்சு மட்டும் பேசினார், சின்னப் பையனைப் போல. கடைசி நாளுக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் என்னவோ சொன்னார், மாமியார் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், தொகுஜி என் முகத்தையே பார்த்தார், பதில் கேட்கிறார் என்பது மட்டும் புரிந்தது, தலையாட்டினேன், ஹாய், ஹாய், ஆமாம், ஆமாம்... அவர் கண்ணை மூடிக்கொண்டார். எதற்குத் தலையாட்டினேன்? அம்மாவைத் தனியாக விடாதே என்றாரா, உன் ஊருக்கே போய்விடு என்றாரா? போ என்று சொல்லியிருந்தால் இங்கே நின்று மோச்சி சுடும் ஒவ்வொரு காலையும் நான் வாக்குத் தவறுகிறேன். இரு என்று சொல்லியிருந்தால், போன மாதம் நெனித்தாவிடம் விமானம் எந்தக் கிழமை என்று விசாரித்தேனே, அது? "அன்னைக்கு அவர் என்ன சொன்னார்?" என்று மாமியாரிடம் கேட்க எனக்குத் தெரியும், மழைக்காலத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டேன், குளியல் தொட்டியில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம். கேட்டால் பதில் வரும், வருகிற பதிலைப் பிடிக்கக் காது வேண்டுமே, அது வரட்டும், அது வரட்டும் என்று...

இன்றைக்கும் ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்லி மாட்டிக்கொண்டேன். டிசம்பர் முழுக்க வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பாடம் பண்ணியது, புது வருஷ வாழ்த்து, காலையில் மாமியாரைக் கண்டதும் குனிந்து, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு அதைச் சொல்லக் கூடாது. வாசலில் புது வருஷ வைக்கோல் கயிறு கட்டவில்லை, பண்டிகைச் சமையல் இல்லை, ஒரு வாழ்த்து அட்டைகூட வரவில்லை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், வாய் முந்திக்கொண்டது. அவர் கையில் சோற்றுக் கரண்டி அப்படியே நின்றது. "நல்லா சொல்றியே," என்றார், சோற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதைத்தான் இப்போது மகனிடம் சொல்லிக்கொண்டிருப்பார், உன் பெண்டாட்டி இன்றைக்கு என்ன செய்தாள் தெரியுமா என்று... ஆனால் அவர் குரலில் சிரிப்பு இருக்கிறதே, மோச்சி உப்புகிறது, திருப்ப வேண்டும், பெர்லி என்று வந்தது, "நல்லா பேச ஆரம்பிச்சிட்டாடா," பிறகு மணியை இன்னொரு தரம் தட்டிவிட்டு, மெல்ல, "நீ சொன்னத நான் இன்னும் அவகிட்ட எடுத்துச் சொல்லல. சொன்னா போயிருவா. கொஞ்சம் பொறுத்துக்கடா."

மோச்சி கருகியது. அவர் வழக்கமான வேகத்தில்தான் சொன்னார், நான் ஒரு சொல்லையும் பிடிக்க முயலவில்லை, எல்லாம் தானாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது, ஊருக்குப் போய்விடு என்றுதான் தொகுஜி சொல்லியிருக்கிறார், என் நன்மைக்காகத்தான் சொல்லியிருக்கிறார், இந்தக் கிழவி இத்தனை மாதம் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறாள்... கோபமா எனக்கு? கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை. காகிதக் கதவு நகர்ந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார், கேட்டிருப்பாளோ என்று என் முகத்தில் தேடினார். "பெர்லி, வெளியில பனி கொட்டுதா?" என்றார். ஜன்னல் என் முன்னால்தான் இருந்தது, கேள்வியும் புரிந்தது. நான் புரியாதவளைப் போல அவரையே பார்த்தேன். அவர் முகம் தெளிந்தது, கையைத் தூக்கி விரல்களை அசைத்து அசைத்துக் கீழே இறக்கினார், குழந்தைக்குக் காட்டுவதைப் போல, பனி, பனி, மறுபடியும் தூக்கி, மறுபடியும் இறக்கி... இன்னும் எவ்வளவு காலம் நான் புரியாதவளாகவே இருப்பேன்?