பள்ளத்து அழுகண்ணி

நகராட்சியில் காட்டுச்செடிகளைக் கணக்கெடுக்கும் வேலை அவளுக்கு. திங்கட்கிழமை முற்பகல் அக்கா போன் செய்தாள். பேச்சுவாக்கில், மாமா இன்றைக்கு ஏரிக்குப் பின்னால் புல் வெட்டப் போயிருக்கிறார் என்றாள். அக்காவின் கணவரான மாமா நகராட்சியின் புல்வெட்டும் வண்டி ஓட்டுபவர்.

போனை வைத்த கையோடு இவள் மாமாவின் எண்ணை அழுத்தினாள்.

ஏரிக்குப் பின்னால் ஒரு பள்ளம். அங்கேதான் அழுகண்ணி இருந்தது. சட்டைப் பொத்தான் அகலத்துக்குத் தரையோடு ஒட்டிக் கிடக்கும் சிவப்புச் செடி. இலை மயிர்களின் நுனியில் பசைத்துளி மின்னும். அதில் மாட்டுகிற சிறு பூச்சிகளைத் தின்று பிழைக்கும். சத்தில்லாத ஈரமணலும் நல்ல வெயிலும் சேர்ந்த இடத்தில்தான் வளரும். சுற்றுவட்டாரத்தில் அப்படி இருந்தது அந்தப் பள்ளம் ஒன்றுதான். மூன்று வாரம் முட்டி தேயத் தேடி, இருபத்து மூன்று செடி எண்ணியிருந்தாள். 'இங்கே வெட்டக் கூடாது' என்று வட்டம் போட்ட வரைபடத்தை வெள்ளிக்கிழமையே புல்வெட்டும் பிரிவில் கொடுத்திருக்க வேண்டும். அது இன்னும் அவள் பைக்குள்ளேயே கிடந்தது.

மாமா போனை எடுக்கவில்லை. பஸ் பிடித்து, இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது பள்ளத்தைச் சுற்றிய மேடு முழுக்க மொட்டையடித்தாற்போல் கிடந்தது. மாமா வண்டி நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்தப் பள்ளத்துலயும் வெட்டிட்டீங்களா?"

"வெட்டியாச்சும்மா. வண்டிய இறக்கலாம்னு பாத்தா முன்சக்கரம் புதையுது. அப்புறம் தோள்ல மாட்டுற மெஷினால கரையில நின்னே வெட்டினேன்."

அவள் பையைத் திறந்தாள். தவறு தன்னுடையதுதான் என்று வரைபடத்தை எடுத்துக் காட்டினாள். மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. முன்பே தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினாள். வெட்டுண்ட புல் மெத்தை போல மூடியிருந்தது. ஒரு கை அள்ளி ஒதுக்கினாள், வெறும் மணல். இன்னொரு கை. சிவப்பாக ஒரு பொத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸை வைத்துப் பார்த்தாள். கரண்டி போன்ற இலைகள், ஒவ்வொரு மயிரிலும் துளி. ஒன்றுகூட உதிரவில்லை.

"எவ்வளவு உயரத்துல வெட்டினீங்க மாமா?"

"ஒரு சாண் இருக்கும். தாழப் பிடிச்சா சேறெல்லாம் மூஞ்சியில அடிக்குமே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. செடியின் உயரம் அரை விரற்கடைகூட இல்லை.

இருவரும் புல்லை அள்ளிக் கரையில் போட்டார்கள். எண்ண எண்ண எண்ணிக்கை ஏறியது. மூன்று மணிக்கு நாற்பத்தொன்றில் நின்றது. கூடுதலாகக் கிடைத்த பதினெட்டுச் செடிகளும் உயர்ந்த புல்லுக்குள் வெயில் படாமல் வெளிறிக் கிடந்திருக்கின்றன. அவள் கண்ணிலும் படவில்லை. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் புல்லே அவற்றை முடித்திருக்கும்.

அங்கிருந்தே மேலதிகாரிக்குப் போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் கொஞ்சம் கடிந்துகொண்டார், பிறகு செடி எத்தனை என்று இரண்டு முறை கேட்டார். வண்டியின் மூடிமேல் வரைபடத்தை விரித்து, 'வெட்டக் கூடாது' என்பதை அடித்துவிட்டு, 'வண்டி இறங்கக் கூடாது. ஒரு சாண் உயரத்தில் கைமெஷினால் வெட்டி, புல்லை அள்ளிவிட வேண்டும்' என்று எழுதி, படமெடுத்துப் புல்வெட்டும் பிரிவுக்கு உடனே அனுப்பினாள்.

திரும்பிப் பார்த்தால், மாமா ஈரமணலில் குப்புறப் படுத்து லென்ஸும் கையுமாக இருந்தார். கிளம்பலாமா என்று கேட்டாள்.

"இரும்மா," என்றார், தலையைத் தூக்காமலே. "இப்பத்தான் ஒரு கொசு வந்து உக்காந்திருக்கு."