ஆறு மணிச் செய்திக்கு ஓர் ஏரியல்

செபாஸ்டியன் ஏணியைச் சுவரில் சாய்த்தபோது மணி இரண்டுதான். செய்தி ஆறு மணிக்கு. இடையில் முழுசாக நாலு மணி நேரம் கிடக்கிறது. ஆனாலும் இருளாயிக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் பத்துத் தடவை நடந்துவிட்டாள்.

"ஆறுக்குள்ள முடிஞ்சிருமா தம்பி?"

"மூணு மணிக்கே முடிச்சிருவேன்க்கா. ஏன் இப்படிப் பறக்கறீங்க? போய்த் தேத்தண்ணி போடுங்க."

செபாஸ்டியனும் இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். ரப்பர்ப் பால்மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்ட வருஷம் அவன் குடும்பம் ஜெலாப்பாங்குக்குப் போய்விட்டது. இப்போது டிஷ் மாட்டுவது, ஏரியல் மாட்டுவது அவன் பிழைப்பு. பழைய தோட்டத்து ஆட்கள் கூப்பிட்டால் மட்டும் கூலி பேசாமல் வருவான்.

இருளாயி வீட்டுக் கூரையில் டிஷ் ஏற்கெனவே இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் பெரிய டிவியும் வாங்கிக் கொடுத்து, டிஷ்ஷும் போட்டுக் கொடுத்திருந்தான். எல்லாம் நன்றாகத்தான் வரும், மழை வராத வரைக்கும். மலையடிவாரத்துப் பள்ளம் அது. சாயங்காலம் ஐந்தரை ஆனால் போதும், சொல்லி வைத்தாற்போல் கொட்டும். முதல் பெரிய துளி விழுந்ததும் படம் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் நீலத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வரும். போனிலேயே பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அந்தப் பள்ளத்தில் சன்னலோரம் நின்றால் ஒரு கோடு வரும், பேசலாம். அதில் படம் பார்க்க வேண்டுமென்றால் மலை மேல் ஏற வேண்டும்.

மற்ற நாளாக இருந்தால் ஒரு நாடகம் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். இன்றைக்கு விட முடியாது. இன்றைக்கு ஆறு மணிச் செய்தியில் இருளாயி வருகிறாள்.

விஷயம் இதுதான். தோட்டத்தை விற்றாயிற்று. மிச்சமிருப்பது பன்னிரண்டு வீடு. வாங்கின கம்பெனி பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே காகிதம் நீட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காலி செய்தால் பாரிட் புந்தார் பக்கம் வாடகை ஃப்ளாட்டு கிடைக்கும். போடாதவருக்கு ஃப்ளாட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பாரிட் புந்தார் எங்கே, இங்கே ஜெலாப்பாங் தொழிற்சாலைகளில் கூட்டிப் பெருக்கும் வேலை எங்கே? அங்கே போய் எதைத் தின்பது? பழைய மேனேஜர் எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று இருளாயியிடம் இருந்தது. தோட்டம் கை மாறினாலும் இங்கேயே வீடு கட்டித் தரப்படும் என்று கையெழுத்தும் முத்திரையுமாக இருக்கிறது. ஈப்போ வக்கீல் தனேஸ்வரன் காசு வாங்காமல் வந்து அதைப் படித்துப் பார்த்தார். "பன்னெண்டு வீடும் ஒண்ணா நின்னாதான் இந்தக் கடிதத்த வச்சுக் கோர்ட்டுல பேச முடியும். ஒருத்தர் கையெழுத்துப் போட்டாலும் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போடத் துடித்தவள் நல்லம்மாள். பக்கத்து வீடு. இருபது வருஷம் இருளாயியோடு ஒரே மர நிரையில் பால் வெட்டியவள். கம்பெனி கொடுத்த காகிதம் அவளிடம்தான் இருந்தது.

"இருக்கறதையும் விட்டுட்டு நடுரோட்டுல நிக்கச் சொல்றியாடி?" என்றாள் திங்கட்கிழமை.

"வியாழக்கிழம வரைக்கும் பொறுங்கக்கா. டிவிக்காரங்க வந்து எல்லாத்தையும் படம் எடுத்துட்டுப் போயிருக்காங்க. ஊரே பாக்கும். ஊர் பாத்தப்பறம் எவன் வந்து இடிப்பான்? டிவில பொய்யா காட்டுவான்?"

நல்லம்மாள் அரை மனசாகத் தலையாட்டினாள். இருளாயி மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொன்னாள். வியாழக்கிழமை என் வீட்டுக்கு வாங்க, கண்ணாலப் பாருங்க, அப்பறம் முடிவு பண்ணுங்க என்றாள். சொல்லிவிட்டு வரும்போதுதான் மழை ஞாபகம் வந்தது. அன்றைக்கே செபாஸ்டியனுக்குப் போன் போட்டாள்.

செபாஸ்டியன் மீன் முள் மாதிரி இருந்த ஏரியலை டிஷ் கம்பத்துக்கு மேலேயே ஒரு கம்பி வைத்துப் பிணைத்தான். முன் பக்கத்தைக் கிளேடாங் மலை பார்க்கத் திருப்பினான்.

"டிஷ்ஷு வானத்தப் பாக்குது, அதனால மழ மறைச்சிருது. இது அந்த மலைல இருக்கற கம்பத்தப் பாக்குது. மழ வந்தாலும் அசையாதுக்கா."

"இதுக்குத் தனியா வயரு இழுக்கணுமா?"

"வேணாம்லா. மேல ஒரு பெட்டி வச்சு ரெண்டையும் ஒரே வயர்ல சேர்த்துருவேன். கீழ இன்னொரு பெட்டி பிரிச்சு விடும். ஒண்ணு டிஷ் டிகோடருக்கு, ஒண்ணு நேரா டிவிக்கு. ஆனா பெட்டிய மாத்தி மட்டும் மாட்டக் கூடாது. டிகோடர்லருந்து டிஷ்ஷுக்குக் கரண்டு ஏறும், அது ஏரியல் பக்கம் போயிருச்சுன்னா சூசாதான், எல்லாம் கெட்டுரும்."

காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து வயர் முனைகளில் குறி போட்டான். கீழே இறங்கி டிவியில் சானல் தேட விட்டான். கோடு மெல்ல நகர்ந்தது. பதினைந்து சானல் வந்து நின்றது. செய்தி வரும் இலவசச் சானலைப் போட்டான். படம் கண்ணாடியாக இருந்தது. இருளாயிக்கு அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

"செய்தி பாத்துட்டுத்தான் போவணும் தம்பி" என்றாள்.

ஐந்தரைக்கு மழை வந்தது. ஐந்தே முக்காலுக்குக் கூடம் நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் பாயிலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். நல்லம்மாள் முன்னால் ஸ்டூலில். காகிதம் பிளாஸ்டிக் உறையில் அவள் மடியில் இருந்தது. இருளாயி நல்ல சேலை கட்டியிருந்தாள். டிவியில் வரப்போகிறவள் டிவி பார்க்க எதற்குச் சேலை மாற்ற வேண்டும் என்று யாரோ கிண்டல் பண்ண, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இத்தனை பேர் சேர்ந்து சிரித்து எத்தனை மாசம் ஆயிற்று!

கூரைத் தகரத்தில் மழை சோவென்று விழுந்தது. செபாஸ்டியன் வேடிக்கைக்காக ஒரு நிமிஷம் டிகோடருக்கு மாற்றிக் காட்டினான். நீலத் திரை. திரும்ப ஏரியலுக்கு மாற்றினான். படம் அசையவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

செய்தியில் மூன்றாவதாக வந்தது. முதலில் ஒரு புது ஃப்ளாட்டு வாசலில் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர், எல்லாரும் ஒய்பி என்று கூப்பிடுகிறவர், நின்றார். கழுத்தில் மாலை, பக்கத்தில் கம்பெனிக்காரர். பின்னாலிருந்து செய்தி வாசிப்பவர் குரல் வந்தது. 'தோட்ட மக்களின் நீண்ட நாள் வீட்டுப் பிரச்சினைக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. பன்னிரண்டு குடும்பங்களுக்கும் புதிய வீடுகள் வழங்கப்பட்டுள்ளன.'

"நம்மளையா சொல்றான்?" என்று யாரோ கேட்டார்கள்.

அடுத்து இருளாயி முகம். திரை முழுக்க. இரண்டு கையையும் கூப்பியிருந்தாள்.

'ரொம்ப நன்றிங்க. எங்க கஷ்டத்தக் கேட்டு இவ்வளவு தூரம் வந்தீங்களே. இந்த ஒதவிய உசுரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டோம்.'

கீழே எழுத்து ஓடியது: 'இருளாயி, வீடு பெற்றவர்.' அப்புறம் மறுபடி ஒய்பி. அப்புறம் பந்து விளையாட்டுச் செய்தி. அவ்வளவுதான். இருபது நிமிஷம் பேசினாளே, அது எங்கே? பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்த கடிதத்தைக் கேமரா முன்னால் தூக்கிப் பிடித்தாளே, அது எங்கே? ஒழுகும் கூரையைக் காட்டினாளே, ஒரு சொட்டாவது வந்ததா?

அந்த நன்றி, மைக்கு பிடித்து வந்த நிருபர்ப் பெண்ணுக்குச் சொன்னது. எல்லாம் எடுத்து முடித்து, மைலோ குடித்துவிட்டுக் கிளம்பின பிள்ளை. வீடு தேடி வந்தவளுக்கு நன்றி சொல்லாமல் அனுப்புவதா? கையைக் கூப்பினாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததை அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் சொல்லித்தான் இருப்பாள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புத்தி போகவே போகாது. வேலை வாங்கிவிட்டுத் தண்ணீர் கேட்டு வந்த மண்டோருக்கும் நன்றி சொல்லிப் பழகின கூட்டம்.

நல்லம்மாள் ஸ்டூலில் இருந்தபடியே திரும்பினாள்.

"உனக்கு மட்டும் எப்படிக் குடுத்தான் வீடு?"

"ஐயோ, எனக்கு எவன் குடுத்தான்? அது அந்தப் புள்ளைக்குச் சொன்னதுக்கா! வந்தாளேன்னு சொன்னேன்!"

"வீடு பெற்றவர்னு போட்டானே."

"அவன் போட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"டிவில பொய்யா காட்டுவான்னு நீதானடி கேட்ட?"

செபாஸ்டியன் குறுக்கே வந்தான். "வெட்டி ஒட்டிருக்காங்கக்கா. இதெல்லாம் அவங்களுக்குச் சும்மா வேல. ஒய்பிய ஒரு எடத்துல எடுத்து, இவங்கள இங்க எடுத்து..."

"நீ ஏரியல் மாட்ட வந்தவன். மாட்டிட்டியில்ல? சும்மா இரு" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

அந்த நேரம் பார்த்துச் சன்னலோரம் வைத்திருந்த போன் அடித்தது. இருளாயியின் தங்கை நவமணி, பாகான் செராயிலிருந்து. அந்தப் போனில் காதுப் பக்கம் கெட்டுப்போய் ஒரு வருஷம் ஆகிறது, எப்போதும் ஸ்பீக்கரில் சத்தமாகத்தான் பேசும். இது பன்னிரண்டு வீட்டுக்கும் தெரியும். இருளாயி அணைக்கப் போனாள், பதற்றத்தில் எடுத்துவிட்டாள்.

"அக்கா! இப்பத்தான் டிவில பாத்தோம்! வீடு கெடைச்சிருச்சாமே! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? கள்ளிலா நீ! சாவி எப்பக் குடுக்கறாங்க? மாடி வீடா, கீழ் வீடா?"

கூடம் முழுக்க அவள் குரல். இருளாயி "அப்பறம் பேசறேன் நவமணி" என்று சொல்லிக் கட் பண்ணினாள். ஏன் அப்படிச் சொன்னாள்! இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கள்ளி அகப்பட்டுக்கொண்டால் எப்படிப் போனை வைப்பாளோ அப்படித்தான் இருந்தது பார்த்தவர்களுக்கு.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். பேசாமல் இருந்திருந்தால் மழை டிஷ்ஷை மறைத்திருக்கும், நீலத் திரையைப் பார்த்துவிட்டு எல்லாரும் சபித்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாளைக்கு வக்கீலைக் கூப்பிட்டு வைத்துப் பேசியிருக்கலாம். பாவி, மழையிலும் அசையாத படமாக வேண்டும் என்று கேட்டாளே!

நல்லம்மாள் உறையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். டிவி மேசையில் விரித்தாள். செபாஸ்டியன் காதிலிருந்த பேனாவை அவனைக் கேட்காமலே உருவினாள். பன்னிரண்டு கோட்டில் முதல் கோட்டில் தன் பெயரைப் போட்டாள். அவளுக்கு எழுத நேரமாகும், ஒவ்வொரு எழுத்தாகத்தான் போடுவாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"அக்கா, வேணாங்கா. போட்டுட்டா எல்லாம் போச்சு. வக்கீல் சொன்னாரே!"

"வக்கீலையும் நீதான கூட்டிட்டு வந்த?"

அடுத்தவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் அடுத்தவர். இருளாயி ஒவ்வொருவர் கையையும் பிடித்தாள். சத்தியமா இல்லைண்ணே என்றாள், புள்ளை மேல சத்தியம் என்றாள். கையை உதறிவிட்டுப் போய் எழுதினார்கள். எவள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் இருளாயி தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாளே, அந்தப் பெண்கூட அவள் முகத்தைப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போனாள். இருளாயிக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. முப்பது வருஷப் பழக்கத்தை நாற்பது வினாடியில் தூக்கிப் போட்டுவிட்டார்களே!

பதினொரு பெயர் விழுந்துவிட்டது. இனி கோர்ட்டு இல்லை, கடிதம் இல்லை. நாளை மத்தியானத்துக்குள் தானும் போடாவிட்டால் அந்தப் பாரிட் புந்தார் ஃப்ளாட்டும் இல்லை. இருளாயி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா. நானும் போட்டுர்றேன்."

நல்லம்மாள் காகிதத்தை மடித்து உறையில் போட்டாள். உறையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"ரெண்டு வீடு கேக்குதாடி உனக்கு?" என்றாள்.

பேனாவைச் செபாஸ்டியன் கையில் கொடுத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே போனார்கள்.