ஒன்றாம் எண் பொத்தான்

வியாழக்கிழமை மதியம் அந்தப் பல்செட் செய்யும் கூடத்தில் யாருக்கும் வேலை ஓடாது. அன்றுதான் டிவி தொடர்களின் ரேட்டிங் வரும். பிளாஸ்டர் கலக்கும் அக்கா கையில் அப்பிய வெள்ளையைத் துடைக்காமலே கைப்பேசியைப் பிடித்திருப்பாள். பாலிஷ் போடுகிறவன் சுழலும் சக்கரத்தை நிறுத்திவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பான். இரண்டு பேருக்கும் ‘பதினோராம் படி’ தொடர் என்றால் உயிர். வாரத்தில் ஐந்து நாள், மாலை ஏழரை மணிக்கு, ஒரு பழைய வீட்டுப் படிக்கட்டின் பதினோராவது படிக்கு அடியிலிருந்து ஒரு பெண் பேய் கிளம்பி வரும். கதை அவ்வளவுதான். இந்த அழகுக்கு இப்போது மூன்றாவது சீசன்.

மெழுகில் பல் அடுக்குகிற செட்டு அண்ணனுக்கு இந்தப் பேச்சு காதில் விழுந்தாலே பற்றிக்கொண்டு வரும். முப்பது வருஷமாக ஊரார் வாய்க்குப் பல் செய்து கொடுப்பவர். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் முழு செட்டையும் உருக்கிவிட்டு மறுபடி அடுக்குவார். உலகத்தில் மற்ற எல்லாரும் அரைகுறை வேலை செய்து பிழைக்கிறார்கள் என்பது அவர் முடிவு.

“ஆறு புள்ளி ஒண்ணுதான்,” என்றாள் அக்கா. “போன வாரம் ஆறரை. ஆறுக்குக் கீழ போனா சீசனைப் பாதியிலயே நிறுத்திடுவாங்களாம்.”

“எல்லாம் அந்த இரட்டைப் பேயால வந்த வினை. ஒரு பேய் இருந்தவரைக்கும் கதை கதையா இருந்துச்சு.”

“போடா. தங்கச்சிப் பேய் வந்தப்புறம்தான் அக்காப் பேய்க்கே ஒரு மரியாதை வந்துச்சு.”

செட்டு அண்ணன் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். “அந்தப் பேயோட கோரைப்பல்லைப் பாத்தீங்களா? கீழ்த்தாடையோட சேரவே இல்ல. அதை வச்சுக்கிட்டு ஒரு வாழைப்பழத்தைக்கூட கடிக்க முடியாது. இதுல அது ஆளோட கழுத்தைக் கடிக்குதாம், அதைப் பாத்து நீங்க ரெண்டு பேரும் பயப்படுறீங்களாம்.”

“நீங்கதான் பாக்கவே மாட்டீங்களேண்ணே. கோரைப்பல் எப்படித் தெரியும்?” என்றான் பாலிஷ்.

“வீட்டுல ஓடுதுடா. கண்ணைக் கட்டிக்கிட்டா உக்கார முடியும்?”

அக்கா அதற்குள் பட்டியலில் கீழே போயிருந்தாள். “பொம்பளைங்கல்லாம் விட்டுட்டாங்க போல. இந்த வாரம் காப்பாத்தினது யார் தெரியுமா? ஐம்பது தாண்டின ஆம்பளைங்க!”

“யாரு அந்த மூளையில்லாத கிழவனுங்க?” என்று கேட்டுவிட்டு அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.

சிரிப்புக்குக் காரணம் வேறு. அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரேட்டிங் எடுக்கிற கம்பெனி அவர் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தது. வீட்டில் ஆளுக்கு ஒரு எண். அறைக்குள் வந்து உட்கார்ந்தால் கையடக்க ரிமோட்டில் தன் எண்ணை அமுக்க வேண்டும், எழுந்து போனால் மறுபடி அமுக்கி அணைக்க வேண்டும். அவர் ஒன்று, மனைவி இரண்டு. வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதனால் பெட்டி யார் கண்ணிலும் படாமல் மனைவி அதன் மேல் ஒரு துணியைப் போர்த்தி வைத்திருந்தாள். அந்த வட்டாரத்துக்கே மொத்தம் நாற்பது பெட்டிகள்தான். ஒரு வீட்டில் அமுக்கினால் சில ஆயிரம் வீடுகள் பார்த்ததாகக் கணக்கு.

தன் கட்டைவிரலுக்கு இவ்வளவு மவுசு என்று தெரிந்த பிறகு மனுஷன் சும்மா இருப்பாரா? இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் தன் எண்ணை அமுக்கவில்லை. அது போதாதென்று, விளம்பர இடைவேளையில் மனைவி அடுப்பைப் பார்க்க எழுந்ததும் ரிமோட்டை எடுத்து இரண்டாம் எண்ணை அணைத்துவிடுவார். மயிரிழை இடைவெளிக்காக ஒரு செட்டையே உருக்குகிற மனுஷருக்கு இது திருட்டு என்று ஒரு நாளும் தோன்றவில்லை. பேயை ஒழிக்கிற புண்ணிய காரியமாகத்தான் தோன்றியது.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அங்கே பேச்சு என்பது சாவி, சாப்பாடு, மருந்து என்ற மூன்று வார்த்தைக்குள் அடங்கிவிட்டது. அண்ணன் வேலை விட்டு வருவார், கை கால் கழுவுவார், பேப்பருக்குள் தலையை விடுவார். ஏழரை அடித்தால் மட்டும் வாய் திறக்கும். பேயின் பல், பேயின் புருஷன், படிக்கட்டு கட்டிய மேஸ்திரி, கதை எழுதியவன் என்று அரை மணி நேரம் ஒருவரையும் விடாமல் கிழித்துத் தொங்கவிடுவார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். தொடரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்து அவளுடைய ரசனையையும் சேர்த்துத் திட்டுவார். தொடர் நின்றால் அந்த வீட்டில் மிச்சமிருக்கிற பேச்சும் நின்றுபோகும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் பெட்டிக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். துணியை விலக்கி, பெட்டியில் ஒரு கம்பியைச் செருகி, மடிக்கணினியைப் பார்த்தபடியே கேட்டார்.

“அம்மா, நீங்க தினமும் ஏழே முக்காலுக்கு எழுந்து போனா திரும்பி வர்றதே இல்லையா?”

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே எதையோ முக்கியமாகப் பார்த்தார்.

“அப்புறம் சார், உங்களைப் பாராட்டணும். மூணாவது சீசன் ஆரம்பிச்சு ஒரு நாள்கூட நீங்க விடலை. ஏழு இருபத்தஞ்சுக்கு உக்காந்தா எட்டு வரைக்கும் அசையறதில்ல. இந்த வட்டாரத்துலயே இப்படி ஒரு நேயர் கிடையாது.”

“யாரு?”

“நீங்கதான் சார். ஒன்றாம் எண்.”

அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. “நான் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்ல!”

“நான்தான் அமுக்கினேன்,” என்றாள் மனைவி. “ரூம்ல இருந்தா அமுக்கணும்னு எழுதிக் குடுத்திருக்காங்கல்ல? நீங்க கை கழுவிட்டு வர்றதுக்குள்ள அமுக்கிடுவேன்.”

“நான் எங்கடி பாத்தேன்? திட்டிக்கிட்டுல்ல இருந்தேன்!”

“பாக்காமலா அத்தனை திட்டு வந்துச்சு?” என்றவள், குரலைத் தாழ்த்தி, “நீங்க என் நம்பரை அணைக்கிறதையும் அடுப்பங்கரையிலேர்ந்து பாத்தேன். அதுல உங்களுக்கு ஒரு சந்தோஷம், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்,” என்றாள்.

வந்தவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் பொத்தானை இன்னொருவர் அமுக்கினால் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. கழற்றினார். பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் தெரிந்தது.

அவர் போன பிறகு அண்ணன் மனைவியின் பக்கம் திரும்பினார். “அந்தக் கேடுகெட்ட பேய் மேல உனக்கு அப்படி என்ன பாசம்?”

“எனக்கு அதைக் கண்டாலே பிடிக்காது.” அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். “நீங்க திட்டறதைக் கேக்கத்தான் உக்காந்திருந்தேன். அது நின்னா நீங்க பேப்பரோட உள்ள போயிடுவீங்க.”

அன்றைக்கு அண்ணன் பேப்பரைப் பிரித்தார், படிக்கவில்லை.

பெட்டி போன மூன்றாவது வியாழக்கிழமை ரேட்டிங் ஐந்து புள்ளி நான்கில் வந்து விழுந்தது. தொடரை அந்த வெள்ளிக்கிழமையோடு நிறுத்துகிறார்களாம். பிளாஸ்டர் அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“ஐம்பது தாண்டின ஆம்பளைங்க ஒரேயடியா விட்டுட்டாங்க. எந்தக் கிழவன் கைவிட்டானோ, அவன் நல்லாவே இருக்க மாட்டான்!”

“விடுக்கா, கிழவனுங்களை நம்பினா இப்படித்தான்,” என்றான் பாலிஷ். “அண்ணே, உங்களுக்கு இன்னிக்குக் கொண்டாட்டம்தானே?”

அண்ணன் கோரைப்பல் ஒன்றை மெழுகில் தலைகீழாக நட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

திங்கட்கிழமை ஏழரைக்கு அதே இடத்தில் ஒரு பாட்டுப் போட்டி தொடங்கியது. மனைவி பழக்கதோஷத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் பேப்பரோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு தன் மூலையில் உட்கார்ந்தார். திட்டுவதற்கு எதையாவது கண்டுபிடித்தாக வேண்டும். பாட்டைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. மேடையில் நின்ற நடுத்தர வயதுக்காரன் வாயை அகலத் திறந்தான், காமிரா பக்கத்தில் போனது.

அருமையான பல். மேல்வரிசையும் கீழ்வரிசையும் அச்சாகச் சேர்ந்தன. முன்பல் ஒன்று மட்டும் லேசாகத் திரும்பியிருந்தது. சொந்தப் பல்லுக்கு மட்டும் வாய்க்கிற திருப்பம் அது, எந்தக் கூடத்திலும் அப்படி அடுக்க மாட்டார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணனுக்குப் பயமாக இருந்தது. ஐந்து நிமிஷம் போயிற்று, பத்து போயிற்று. மனைவி முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள்.

“எல்லாம் கட்டின பல்லு!” என்றார் அவசரமாக.

அவள் அப்படியே நின்றாள். “எது? அவருக்கா?”

“வேற யாருக்கு? மட்டமான வேலை. எந்தத் தறுதலை செஞ்சானோ!”

“எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டுக்கொண்டே அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பல் விஷயத்தில் அவர் அதுவரை ஒரு பொய் சொன்னதில்லை. எட்டு மணி வரை சொன்னார்.