விரலுக்குத் தட்டிய குழி

சீயக்காயைக் குழைத்து எவ்வளவு தேய்த்தும் வீரபாண்டியின் ஆள்காட்டி விரல் நகத்திலிருந்த கிரீஸ் போகவில்லை. அவருடைய அண்ணன் ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக் கிளறப் போனார். மனைவி முருகலட்சுமி தடுத்தாள்.

"அது இருக்கட்டும், விடுங்க. அவுகளுக்கு வலிக்கும்."

அண்ணன் குச்சியைக் கீழே போட்டார். மகள் சத்யபிரியா தள்ளியே நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் பாளையம்பட்டி வளைவில் அவருடைய பைக்கோடு விழுந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். ஹேண்டில் நடுவில் பிடிக்கிறது, திருப்பினால் திரும்ப மாட்டேன் என்கிறது என்று சொன்னதற்கு, "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்று சிரித்தார். சாவியை வாங்கி அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். சிராய்ப்பைவிட அந்தச் சிரிப்புதான் அதிகம் எரிந்தது. அன்றிலிருந்து அருப்புக்கோட்டை ஜவுளிக்கடை வேலைக்கு பஸ்ஸில் போனாள். சாப்பிட்டாயா என்று அப்பா கேட்டால், பதிலை அம்மாவிடம் சொன்னாள். ரெண்டு பேருக்கும் வீம்பு ஒரே அளவு.

நேற்று மத்தியானம் வாசலில் வண்டியைக் கழற்றிப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். கடையிலிருந்து இவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தன்மேல் கோபத்தோடுதான் போனாரா என்று கேட்க இனி ஆள் இல்லை.

முன்சக்கரம் இல்லாத வண்டி கல்லின்மேல் நின்று சந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தது. பாடை திரும்ப இடமில்லை. நாலு பேர் தூக்கி ஓரமாகப் போட்டுவிடலாம் என்றார்கள். துக்கத்துக்கு வந்திருந்த திருச்சுழி மெக்கானிக் உதயகுமார், தூக்கினால் ஒயரெல்லாம் அறுந்துவிடும், குளிப்பாட்டி முடிப்பதற்குள் மாட்டிவிடலாம், முன்சக்கரம் பூட்டும் ஃபோர்க்கை அடியிலிருந்து தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். சத்யபிரியா போய் மண்டியிட்டாள். பொட்டப்பிள்ளைக்கு இந்த நேரத்தில் இது என்ன வேலை என்று யாரோ முனகினார்கள்.

ஹேண்டில் திரும்பும் கழுத்தில் புது பேரிங் கிண்ணங்களை அப்பாவே அடித்து இறக்கியிருந்தார். உதயகுமார் கிரீஸ் தடவி, குண்டுகளை வட்டமாகப் பதித்தார். மண்ணெண்ணெய்த் தட்டில் கிடந்த பழைய கிண்ணம் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"விரல விட்டுத் தடவிப் பாரு தாயி."

வழுக்கிக்கொண்டு போன விரல் சட்டென்று தட்டியது. குண்டுகள் அழுந்தி அழுந்தி வரிசையாக விழுந்த குழிகள்.

"நெதம் ஓட்டிப் பழகுன கைக்கு இது தெரியாது. கழட்டித் தடவுனாத்தான் தெரியும்."

விரலை எடுத்தாள். ஆள்காட்டி விரல் நகத்தில் கறுப்பு ஏறியிருந்தது. அப்பாவும் இங்கேதான் விரலை வைத்திருக்கிறார்.

அம்மா எப்போது பக்கத்தில் வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"ரொம்ப நேரம் அதத் தடவிக்கிட்டே இருந்தாக. பெறகு சாவிய அவுத்து எங்கிட்டக் குடுத்தாக. ஒன் பையில போடச் சொன்னாக."

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஃபோர்க்கை விடாமல் அழுதாள்.

சக்கரத்தை மாட்டி, வண்டியைச் சுவரோரம் தள்ளி நிறுத்தினார்கள். முன்சக்கரம் தரையில் படாதபடி உதயகுமார் எஞ்சினுக்கு அடியில் கல்லைக் கொடுத்தார். கழுத்து நட்டின் இறுக்கம் சரிதானா என்று ஹேண்டிலை லேசாகத் தட்டிப் பார்ப்பதுதான் பாக்கி. அதற்குள் வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள்.

கையைக் கழுவிட்டு வா என்று பெரியப்பா சொன்னார். அவள் கழுவவில்லை. அந்தக் கையாலேயே அரிசியை அள்ளி, அப்பாவின் முகத்தை நன்றாகப் பார்த்துப் போட்டாள்.

பாடை சந்தில் திரும்பியபோது, தூக்கிப் போன ஒருவரின் தோள் ஹேண்டிலில் உரசியது. அது எங்கும் பிடிக்காமல், நடுவைத் தாண்டி, தானாகவே மெல்ல மறுபக்கம் சாய்ந்து வழிவிட்டது.