வழுக்கு மரம் ஏறியவன்

ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போன வருஷமும் மலாயாவின் குளுவாங்கில் கிறிஸ்மஸ் வராமல் இருக்கவில்லை. துரைமார் கிளப்புக்கு எதிரே இருந்த பாடாங் மைதானத்தில் கொடி கட்டி, பேண்டு வாசித்து, தோட்டத்து ஜனங்களுக்கெல்லாம் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். லாரி லாரியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். பிள்ளைகளுக்குத் துரைசானி கையாலேயே மிட்டாய். ருக்னுதீன் பாய் கடையில் சர்பத்துக்கு அடிதடி. அரை வயிறு கஞ்சி குடித்தாலும் பெருநாள் பெருநாள்தான், அது யாருடைய பெருநாளாக இருந்தால் என்ன!

காளியப்பனுக்கு மட்டும் சர்பத் தொண்டையில் இறங்கவில்லை. புது வருஷம் பிறந்ததும், வேலை போனவர்களைத் திருப்பி அனுப்பும் ஓசிக் கப்பலில் அவன் குடும்பத்தோடு நாகப்பட்டினத்துக்கு ஏறவேண்டும். காய்ச்சலில் கிடந்து எழுந்த நோஞ்சான், இனி மரம் சீவ லாயக்கில்லை என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி சபாபதி, துரையிடம் சொல்லிவிட்டார். ஊருக்குப் போய் என்ன செய்வது? மனைவி அங்கம்மா தோட்டத்து லயத்து வீட்டிலேயே பிறந்தவள். அவனுக்கும் ஊரில் ஒரு சாண் நிலமில்லை, வா என்று கூப்பிட ஒரு நாதியில்லை. போனால் பிச்சைதான் என்று இருவருக்கும் தெரியும்.

"நான் நோஞ்சான் இல்லேன்னு தொரை கண்ணால பாக்கணும், அங்கம்மா. வழுக்கு மரம் ஏறப் போறேன்."

"நின்னாலே காலு நடுங்குது. விழுந்து கிழுந்து வச்சீங்கன்னா?"

"ஊருக்குப் போயி சாகறதுக்கு இது தேவலை."

யோசனை இல்லாமல் பேசுகிறவன் அல்ல அவன். விடியற்காலையிலேயே ஒரு ரப்பர் மரத்தைக் கீறி, வடிந்த பாலை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பூசிக் காயவிட்டிருந்தான். பிடித்தால் பல்லி மாதிரி ஒட்டும். அவனுக்கு முன்னால் ஏறிய தடியன்களெல்லாம் பாதி மரம்கூடப் போகாமல் சறுக்கி வந்து சேற்றில் உட்கார்ந்தார்கள். பாடாங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

காளியப்பன் ஏறினான். பாதியில் உடம்பு உதறியது. கண்ணை மூடிக்கொண்டு மரத்தைக் கட்டிக்கொண்டான். கீழே அங்கம்மா மகள் புஷ்பவள்ளியை இறுக்கி அணைத்தபடி, முனியாண்டியை விட்டுவிடாமல், அன்றைக்குப் பிறந்த சாமியையும் சேர்த்தே கும்பிட்டாள். அவன் மறுபடி அசைந்தான். உச்சியில் கட்டியிருந்த பிஸ்கட் டின்னை அவிழ்த்தபோது பேண்டுக்காரன்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கை தட்டினான்.

துரை எழுந்து வந்து, மசகு அப்பிய அவன் தோளைத் தட்டினார். கிராணியிடம் என்னவோ சொல்லிச் சிரித்துவிட்டுக் கிளப்புக்குள் போனார்.

"அதிர்ஷ்டக்காரன்டா நீ!" என்றார் கிராணி. "இவ்வளவு திடமான ஆளையா அனுப்பறதுன்னு கேக்கறாரு தொரை. நீ இருக்கலாம்."

அங்கம்மா கிராணியின் காலிலேயே விழுந்துவிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும், ஐயா. நாங்க மூணு பேரும்..."

"மூணு பேரா?" கிராணி காலை இழுத்துக்கொண்டார். "அவனைத்தான் நிறுத்தச் சொன்னாரு. பொம்பளைங்களுக்குத்தான் புல்லு வெட்டற வேலையே இல்லையே. நீயும் புள்ளையும் கப்பலுக்குப் போகணும்."

காளியப்பனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. தோட்டத்தில் ஆம்பளைக்குச் சொன்னால் அது குடும்பத்துக்கே சொன்ன மாதிரி என்றுதான் அவன் நினைத்திருந்தான். நோஞ்சான் என்றபோது மூன்று பேரையும் சேர்த்துத்தானே தள்ளினார்கள்!

"அப்போ நானும் போறேன், ஐயா. எங்களைப் பிரிக்காதீங்க."

"தொரை வேணும்னு சொன்ன ஆளுக்கு ஓசிக் கப்பல் கிடையாது. பெருநாளும் அதுவுமா குடுத்ததை வேணாம்னு நான் போயி சொல்லவா?"

கிராணி நகர்ந்துவிட்டார். அங்கம்மா எழவே இல்லை. "நீங்க சறுக்கி விழுந்திருக்கக் கூடாதா?" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டாள். "மூணு பேரும் ஒண்ணா போயிருப்போமே."

அவன் டின்னைப் போட்டுவிட்டு ஓடினான். கிளப்பு வாசலில் காவலுக்கு நின்ற ஜாகாக்காரன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். உள்ளே பாட்டும் கண்ணாடிக் கோப்பைச் சத்தமும். வேலிக் கம்பியைப் பிடித்தான். காலையில் பூசிய பால் அதிலும் ஒட்டிக்கொண்டது.

"தொரை! நான் நோஞ்சான், தொரை! ஒண்ணுக்கும் உதவாதவன்! என்னையும் அனுப்பிடுங்க, தொரை!"

கள் தலைக்கேறிவிட்டது என்று பாடாங்கில் நின்றவர்கள் சிரித்தார்கள். பேண்டு அடுத்த பாட்டைத் தொடங்கியது.