எல்லாரும் கொழும்பு

"வெள்ளிக்கிழமையோட தமிழ்ப் பக்கத்த மூடிருவோம்," என்று வெள்ளைப் பலகையில் திகதியை எழுதினார் நிரஞ்சன். கண்டி நகரத்துக் கடையொன்றின் மேல்மாடியிலிருந்து இணையத்தில் கெரம் விளையாட்டு நடத்தும் நிறுவனம் அவருடையது. மலையகத்து ஆட்களுக்கென்று தமிழ்ப் பக்கம் திறக்கலாம் என்றது துஷானி. ஆறு மாதமாக அதைக் கட்டி வளர்த்ததும் அவள்தான்.

திரையில் இலங்கைப் படம். விளையாட வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று காட்டும் பச்சைப் புள்ளிகள் கொழும்பில் அப்பிக் கிடந்தன. மலைப்பக்கம் வெறுமை.

"பாருங்க மிஸ். கொழும்புக்காரனுக்கு இங்கிலீஷ் பக்கமே போதும். தோட்டத்து ஆளுங்களுக்கு கெரம் எதுக்கு? டிக்டொக் இருந்தா சரி."

துஷானிக்குக் காது சுட்டது. "அது ஃபோன் கம்பனி லைன் போய்ச் சேர்ற இடம், சேர். கம்பளையில இருந்து வந்தாலும் கொழும்புனுதான் காட்டும்."

"சரி, அவங்களே பதிஞ்ச ஊரப் பாருங்க."

பார்த்தாள். தமிழ்ப் பக்கத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். கொஞ்சம் கண்டி, மற்றதெல்லாம் கொழும்பு. தோட்டத்துப் பெயர் ஒன்றுகூட இல்லை.

அவள் ஃபோனை எடுத்தாள். மாமா மகள் சீதா கம்பளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள், தினமும் விளையாடுகிறவள். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சீதாக்கா, கேம்ல ஊரு என்னானு போட்டிருக்க?"

"கொழும்புனுதான்டி. ஏன்?"

"நீ எப்ப கொழும்புக்குப் போன?"

"ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா போனேனே!" சீதா சிரித்தாள். பிறகு குரல் தடித்தது. "மொதல்ல தோட்டத்துப் பேரத்தான் போட்டேன். ஜெயிச்சா, 'கொழுந்து கிள்ளப் போடி'ன்னு எழுதுறானுங்க. இப்ப எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் கொழும்புதான்."

நிரஞ்சன் தோளைக் குலுக்கினார். "பொய் ஊரு போட்டா நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது? பக்கத்தக் கட்டின உங்களுக்கே தெரியலையே. நீங்களும் டவுன்ல கட்டுக்கலை ஆளுதானே மிஸ்."

நேர்முகத் தேர்வில் அந்த விலாசத்தைப் பார்த்து, "நல்ல இடம்" என்று இவர் தலையாட்டியது இரண்டு வருடமாகியும் அவளுக்கு மறக்கவில்லை.

"நான் கட்டுக்கலை இல்ல, சேர். வேலைக்கு நிரப்பின பாரத்துல போட்டது சித்தி வீட்டு விலாசம். என் வீடு மஹய்யாவ, முனிசிபல் ரோட்டுக் கூட்டுறவங்க லயத்துல."

பக்கத்து மேசையில் வேலை செய்யும் ஸுமைராவின் விரல்கள் தட்டுவதை நிறுத்தின.

துஷானி தன் விளையாட்டுக் கணக்கைத் திறந்து ஊரை மாற்றினாள். மஹய்யாவ. அடுத்து யார் வந்தாலும் சரியென்று ஆட்டத்தில் இறங்கினாள். நிரஞ்சன் பின்னால் நின்று பார்த்தார். சிவப்புக் காயை அவள் குழியில் போட்டு முடித்த மறுநிமிடம் எதிராளி எழுதினான்:

"மஹய்யாவயா? போய் விளக்குமாற எடுத்து ரோட்டக் கூட்டு."

அவள் திரையை நிரஞ்சன் பக்கம் திருப்பினாள்.

"இவன் கண்டினு போட்டிருக்கான், சேர். இவன எண்ணிட்டீங்கதானே?"

அவள் அந்த எதிராளியை நீக்கும் பொத்தானை அழுத்தினாள். அறுநூற்றுப் பதினொன்று. பிறகு எழுந்துபோய் பலகையிலிருந்த திகதியை உள்ளங்கையால் அழித்தாள்.

"கதவ மூடணும்னா இவனுங்களுக்கு மூடுங்க."

திகதி எழுதிய பேனா நிரஞ்சனின் கையில்தான் இருந்தது. அவர் அதற்கு மூடியைப் போட்டார்.