கையுறைக்குள் ரத்தம்

குடித்துவிட்டுச் சண்டையில் குத்துப்பட்டு வந்தவனைக் கட்டிலில் கிடத்தவே முடியவில்லை. குளுக்கோஸ் மாட்டும் கம்பியைப் பிடுங்கி டாக்டரின் தோளில் ஓங்கி அடித்தான்.

“சிஸ்டர், ஊசியப் போடுங்க, சீக்கிரம்!”

நர்ஸ் அவன் தொடையில் ஊசி போட்டு உருவிய நொடியில் உதைத்தான். ஊசி அவளது உள்ளங்கையில் ஏறியது. கையுறைக்குள் ரத்தம் சூடாகப் பரவியது.

அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது பரிசோதனையில் தெரிந்தது.

“உடனே மாத்திரை ஆரம்பிச்சாச்சு. பெரும்பாலும் ஒண்ணும் வராது” என்றார் டாக்டர். அந்தப் ‘பெரும்பாலும்’ அவள் காதிலேயே நின்றுவிட்டது.

வீட்டில் மூச்சுவிடவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றாது என்று நோயாளிகளுக்குப் பாடம் எடுத்தவள்தான்; இருந்தும் தன் தட்டைத் தனியே ஒதுக்கினாள். படுக்கையையும்.

“என்ன மகாராணி, எங்ககூட ஒட்ட மாட்டீங்களோ?” என்று கணவன் கேலி செய்தான்.

ஒரு மாலை, காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாள்.

“அம்மா, ரத்தம்!” மகள் ஓடிவந்து விரலைப் பற்றினாள். அவள் பிள்ளையை முழு பலத்தோடு தள்ளினாள். கதவு நிலையில் மோதிப் பிள்ளையின் புருவம் பிளந்தது.

கணவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். “பைத்தியமா பிடிச்சிருக்கு? பெத்த பிள்ளைடி!”

“கிட்ட வராதீங்க! என் ரத்தமே விஷம்!”

அவன் பிடியை விடவில்லை. முகத்தில் குத்தினாள். அவன் உதடு கிழிந்தது. அதைப் பார்த்ததும் தரையில் சரிந்து, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

அவன் மகளின் புருவத்தில் துண்டை அழுத்தியபடி கேட்டான். “இத்தன நாளா தனியாவா செத்துக்கிட்டு இருந்த? எழுந்திரு. மூணு பேருமே ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

சில மாதங்கள் கழித்து, அவளுடைய கடைசிப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. அவள் சிரிக்கவில்லை. மருந்து அறைக்குள் போய் இரும்புக் குப்பைத் தொட்டியை நசுங்கும்வரை உதைத்தாள். வார்டு ஆயா வாசலை மறித்து நின்று யாரையும் உள்ளே விடவில்லை.

“உதைச்சு முடிச்சாச்சா? வா, தண்ணி குடி.”

சில நாளில், தலையில் அடிபட்ட ஒருவன் கட்டிலில் திமிறினான்.

“ஊசி, சிஸ்டர்!”

“பிடிக்க ஆள் வரட்டும், டாக்டர்.”

“நேரமில்ல!”

“அப்ப நீங்க பிடிங்க.”

டாக்டர் முறைத்தார். பிறகு அவன் கால்கள்மேல் விழுந்து அமுக்கினார். அவள் ஊசியை எடுத்தாள். கையுறை போட்ட உள்ளங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, அவன் தொடையில் இறக்கினாள்.